மெல்லக் கற்போர் பட்டியலைத் தயாரிப்பவர்களுக்கு ஒரு மடல்

பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும், ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் அவர்களிடம் பட்டியல் கேட்கும் கல்வி அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். தமிழ் வழி. அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறார். அப்பா மிளகு பறிப்பவர். சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாய்த்து ஏறி, கொடியிலிருந்து சரம் சரமாக உருவிக்கொண்டு இறங்குவார். காலாண்டுத் தேர்வில் எனக்குக் கணக்கில் 29 மதிப்பெண். அடுத்த வாரமே மெல்லக் கற்போர் பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டது.

பெயர்களை வகுப்பில் வாசித்தார்கள். பதினோரு பேர் எழுந்து நின்றோம். யாரும் திட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கொரு மெல்லிய கையேட்டைக் கொடுத்து, "இதை மட்டும் படிங்க, பாஸ் பண்ணிடலாம்" என்றார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் நாங்கள் நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில் எங்களில் ஒருவரைக்கூட யாரும் எதுவும் கேட்கவில்லை. உனக்கு எந்தக் கணக்கு வருகிறது, எந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றுபோகிறது என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கேட்காததால் இப்போது எழுதுகிறேன்.

அந்த 29-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கணக்கு வினாத்தாளின் கடைசியில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு வரும். ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். அந்தப் 16-க்கு நான் 16-ம் வாங்கியிருந்தேன். மீதி 84 மதிப்பெண்ணுக்கு வாங்கியது 13. பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் கிட்டத்தட்ட வெறுமை. இது பொதுவாக எதுவும் ஏறாத பிள்ளையின் விடைத்தாள் இல்லை. எங்கோ ஓரிடத்தில் மட்டும் அடைப்பு இருக்கிற பிள்ளையின் விடைத்தாள். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

கையேட்டைத் திறந்தேன். முதலில் வடிவியல், அடுத்தது வரைபடம். அவை இரண்டும் எளிது, நிச்சய மதிப்பெண் என்பதால் முதலில் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஏற்கனவே முழுதாகத் தெரிந்த இரண்டையும் மறுபடி எனக்கே கற்றுக்கொடுக்க, மாலைதோறும் ஒரு மணி நேரம் சிறப்பு வகுப்பு நடந்தது. அடைப்பு இருந்த இடத்தைக் கையேடு தொடவே இல்லை. "இதெல்லாம் உனக்கு வேண்டாம், விட்டுவிடு" என்பதுதான் அதன் வழி.

எனக்கு அடைப்பு இருந்த இடம் பின்னம். அது எப்போது வந்தது என்று தேதியோடு சொல்ல முடியும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது நான் நான்காம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்ததில்லை. 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் திறந்தபோது நேராக ஆறாம் வகுப்பு. இடையில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் போட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீட்டில் கரண்டு இருக்கும் நேரமும் பாடம் வரும் நேரமும் ஒத்து வந்தது கொஞ்ச நாள்தான். அப்பாவின் போனுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் பாறைமேல் ஏற வேண்டும். பிறகு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஓர் அக்கா சாயங்காலம் வந்து எங்களை வாசிக்க வைத்தார். இன்று நான் தமிழில் எதைக் கொடுத்தாலும் தடங்கலின்றி வாசிப்பதற்கு அந்த அக்காதான் காரணம். ஆனால் அவராலும் ஒன்றரை வருடப் பாடத்தையும் அள்ளிக் கொடுக்க முடியாது. ஆறாம் வகுப்பில் பின்னங்கள் பாடம் வந்தபோது ஐந்தாம் வகுப்புப் பின்னம் தெரிந்தவர்களுக்கான பாடமாக வந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் கோடு. அந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்று தெரியாமலே ஏழு, எட்டு, ஒன்பது என்று தாண்டி வந்துவிட்டேன். பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகள் என்று அந்தக் கோடு திரும்ப வந்து நின்றது. மேலேயும் கீழேயும் இப்போது எண்ணுக்குப் பதில் எக்ஸ்.

அப்பா அடிக்கடி சொல்வார், ஏணியில் ஒரு படி உடைந்திருந்தால் எப்பேர்ப்பட்ட ஆளும் அந்த இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும் என்று. நான் அப்படித்தான் நின்றிருந்தேன். அதற்கு மெல்லக் கற்பது என்று பெயர் வைத்தது எனக்கு வலித்தது.

அடைப்பு எடுபட்டது வகுப்பறையில் இல்லை, பஸ்ஸில். தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் துணி எடுக்கச் சேலம் போனோம். கீழ்வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் மிஸ் ஒருவர் வாரக் கடைசிக்கு வீட்டுக்குப் போக அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அம்மா மனது கேட்காமல் சொல்லிவிட்டார்: "புள்ள எல்லாத்துலயும் நல்லாத்தான் இருக்குதுங்க டீச்சர், கணக்குல மட்டும் பேரை எழுதிட்டாங்க." மிஸ் என்னிடம் திரும்பி, "எந்தக் கணக்கு கண்ணு?" என்று கேட்டார். காலாண்டுக்குப் பிறகு என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். "பின்னம் வந்தா எதுவும் வராது மிஸ்" என்றேன்.

எங்கள் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து வளைவு இறங்கியதும் மிஸ் கேட்டார், இருபதில் எத்தனை பங்கு இறங்கினோம் என்று. "கால்" என்றேன். பத்து முடிந்ததும் "அரை". "அப்ப உனக்குப் பின்னம் தெரியுது. ஒரு வளைவுக்கு என்ன பேர் தெரியுமா? மா. இருபதில் ஒன்றுக்குத் தமிழில் மா என்று பேர்." எங்கள் தாத்தா அரைக்கால், மாகாணி என்றெல்லாம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவை பழைய ஆட்களின் பேச்சு என்று நினைத்திருந்தேன். கணக்கு என்று நினைக்கவில்லை. கால் என்றால் நாலில் ஒன்று. அதில் அரை எடுத்தால் அரைக்கால், எட்டில் ஒன்று. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மாகாணி என்பது மாவும் காணியும். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. இரண்டையும் எப்படிக் கூட்டுவாய் என்று மிஸ் கேட்டார். நான் யோசித்தேன். ஒரு மாவுக்குள் நாலு காணி இருக்கும். அதனால் நாலு காணியும் ஒரு காணியும் சேர்ந்து ஐந்து காணி. எண்பதில் ஐந்து. அதாவது பதினாறில் ஒன்று.

"இப்ப என்ன பண்ணினே தெரியுமா? பகுதியைச் சமமாக்கினே" என்றார் மிஸ். மீச்சிறு பொது மடங்கு என்று நாலு வருடமாக மனப்பாடம் செய்து மறந்துபோன விஷயம் அதுதான். மாவும் காணியும் வேறு வேறு அளவு. ஒரே அளவாக மாற்றாமல் கூட்ட முடியாது. இதை யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் ஆறாம் வகுப்பிலேயே புரிந்துகொண்டிருப்பேன்.

அடிவாரம் நெருங்கும்போது நான் ஒரு சந்தேகம் கேட்டேன். பத்து வளைவு இறங்கினால் வளைவுகளில்தான் பாதி. ஆனால் பாதையிலும் அது பாதியாகிவிடுமா மிஸ், வளைவுகளுக்கு இடையில் தூரம் ஒரே மாதிரி இல்லையே? மிஸ் அம்மாவைப் பார்த்து, "இந்தப் புள்ளையவா பட்டியல்ல போட்டாங்க?" என்றார். அம்மா அன்று முழுவதும் கடைக்காரரிடம்கூட அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் நானே கண்டுபிடித்தேன், அதைச் சொல்லாமல் விட மனமில்லை. வடிவொத்த முக்கோணம் வரையும்போது அளவு காரணி 3/5 என்று கொடுப்பார்கள். ஒரு கதிர் வரைந்து, அதில் காம்பஸால் சமமாக ஐந்து வில் வெட்டுவோம். ஐந்தாவது புள்ளியை முக்கோணத்தின் மூலையோடு சேர்ப்போம். மூன்றாவது புள்ளியிலிருந்து அதற்கு இணையாகக் கோடு போட்டால் சின்ன முக்கோணம் கிடைக்கும். இதை நான் நூறு தடவையாவது வரைந்திருப்பேன், எட்டுக்கு எட்டு வாங்கியிருப்பேன். சேலத்திலிருந்து திரும்பி வந்த இரவு நோட்டைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, 3/5 என்றால் என்னவென்று என் கைக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கீழே இருக்கும் ஐந்து, எத்தனை சமப் பங்கு என்று சொல்கிறது. மேலே இருக்கும் மூன்று, அதில் எத்தனையை எடுத்தேன் என்று சொல்கிறது. அந்தக் கோட்டுக்கு அதுதான் பொருள். எனக்கு நன்றாக வரும் பாடத்துக்குள்ளேயே வராத பாடத்தின் சாவி இருந்திருக்கிறது. கையேடு போட்டவர்கள் வடிவியலை மதிப்பெண்ணாக மட்டும் பார்க்காமல் வழியாகவும் பார்த்திருந்தால் இது இன்னும் முன்பே நடந்திருக்கும்.

அரையாண்டில் 47 வாங்கினேன். பெரிய மதிப்பெண் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதில் இயற்கணிதத்திலிருந்து வந்த மதிப்பெண்கள் இருந்தன.

பட்டியலில் என்னோடு நின்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர்கள் எழுத மாட்டார்கள். ஒருவன் பேசினால் நாள் முழுக்கக் கேட்கலாம், அவ்வளவு விஷயம் தெரியும். வாசிக்கச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறுகின்றன என்கிறான். முதல் வகுப்பிலிருந்தே அப்படித்தானாம். கற்றல் குறைபாட்டை 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. முறையாகப் பரிசோதித்துச் சான்று வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுகிறவரும் கிடைக்கும். அவனை இதுவரை யாரும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. இன்னொருவன் காப்பிப் பருவத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு வருகிறான், இரண்டாவது பீரியடில் தூங்கிவிடுகிறான். அவனுக்குக் கணக்கு தெரியும், விழித்திருந்தால் போடுவான். நான் பின்னம் தெரியாதவள். மூன்று பேருக்கும் ஒரே பட்டியல், ஒரே கையேடு. ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்குக் கால் முறிவு, ஒருத்திக்குப் பசி என்று வரிசையில் நிற்கும்போது எல்லோருக்கும் ஒரே கஷாயத்தை ஊற்றுவது போல இருக்கிறது.

சிறப்பு வகுப்பின் நேரத்தையும் யோசியுங்கள். காலை எட்டு மணி வகுப்புக்கு டவுனில் இருப்பவர்கள் வந்துவிடுவார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் வர முடிவதில்லை. மாலை வகுப்பு முடிந்து பஸ்ஸை விட்டுவிட்டால் மூடுபனியில் நடக்க வேண்டும். பெண் பிள்ளைகள் வராததற்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடாதீர்கள். மதிய உணவு இடைவேளையில் இருபது நிமிடம் கிடைத்தால்கூட எங்களுக்குப் போதும்.

நான் எப்படிப் படிக்கிறேன் என்று இந்த மூன்று மாதமாகக் கவனித்துக்கொண்டு வருகிறேன். பார்த்ததையும் வரைந்ததையும் மறப்பதில்லை. சமூக அறிவியலில் வரைபடம் குறிப்பது, அறிவியலில் படம் வரைந்து பாகம் குறிப்பது இதிலெல்லாம் எனக்குப் பயமே கிடையாது. மனதுக்குள் வாசித்தால் அடுத்த நாள் நிற்பதில்லை. யாருக்காவது சொல்லிக் கொடுத்தால் நிற்கிறது. அதனால் இப்போது தினமும் இரவில் அம்மாவுக்குப் பாடம் நடத்துகிறேன். அம்மா பழம் பறித்த கையோடு அசந்துபோய் உட்கார்ந்திருந்தாலும் "அப்புறம்?" என்று கேட்பார். அவர் கேட்கும் இடத்தில் பதில் வரவில்லையென்றால் எனக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொள்வேன். ஆங்கிலம் இன்னும் கஷ்டம்தான். எழுத்துக்கூட்டி வாசித்து வரியின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்துவிடுகிறது. நீளமாக வரும் கணக்குகளில் என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று பிரிப்பதற்கே பாதி நேரம் போகிறது. அவசரப்பட்டால் கூட்டலில் தப்பு விடுகிறேன். இதையெல்லாம் மறைக்க நான் எழுதவில்லை.

எனக்கு நிலவியல் படிக்க வேண்டும். தாத்தா இந்த மலையில் பாக்சைட் லோடு ஏற்றியவர். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து அது போனது. மலை உச்சியில் ஏன் சிவப்பு மண்ணும் பாக்சைட்டும், பாதையை வெட்டிய இடத்தில் ஏன் எண்ணெய் தடவினாற்போல மினுங்கும் கருநீலக் கல், அடிவாரத்தில் இறங்கினால் ஏன் வெள்ளை வெளேரென்று மேக்னசைட், எதிரே கஞ்சமலையில் மட்டும் ஏன் இரும்பு என்று சின்ன வயதிலிருந்தே அவரைக் கேட்டுக்கொண்டிருப்பேன். "மேல மழை அடிச்சு அடிச்சு மத்ததெல்லாம் கரைஞ்சு போச்சு, கரையாதது நின்னுடுச்சு" என்பார். அது கிட்டத்தட்டச் சரிதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் மலையின் அந்தக் கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இதே வகை. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பெயரை வைத்தார். இதைப் பற்றி எனக்குக் கிடைத்தது ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். ஆங்கிலத்தில் நான் முழுதாக விரும்பிப் படித்த முதல் பக்கம் அது. எனக்கு ஆங்கிலம் வராது என்று நீங்கள் எழுதினால், வேண்டிய பக்கத்தைக் கொடுத்தால் வருகிறது என்று அதன் பக்கத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

சேலத்திலேயே பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் என்று அம்மா இப்போதே மனதில் குறித்து வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் பிளஸ் ஒன்னில் கணக்கு இருக்கும் குரூப் கிடைக்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் குரூப் கொடுக்கிறார்கள். பட்டியலில் பெயர் இருக்கும் பிள்ளைக்கு 35 வந்தால் போதும் என்று நீங்கள் முடிவு செய்யும்போது, அவளுக்கு அந்த குரூப் வேண்டாம் என்றும் சேர்த்து முடிவு செய்துவிடுகிறீர்கள். என் இலக்கு 60. பிளஸ் ஒன்னுக்கு இனிமேல் பொதுத்தேர்வு இல்லை என்று ஆகிவிட்டது. அந்த ஒரு வருடத்தில் விட்டுப்போன மற்றதையும் பிடித்துவிடுவேன்.

நான் கேட்பது ஒரு தாள். பட்டியலில் பெயரை எழுதுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, எது வருகிறது, எது வரவில்லை, எந்த வகுப்பிலிருந்து வரவில்லை, என்ன செய்தால் உனக்கு நிற்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவன் வாயால் சொல்லட்டும், நண்பன் எழுதட்டும். பின்னம் என்று எழுதியவளுக்குப் பத்து நாள் ஐந்தாம் வகுப்புப் பாடத்தை எடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் புத்தகமா என்று வெட்கப்பட வேண்டாம், நாங்கள் வெட்கப்பட மாட்டோம். எழுத்து இடம் மாறுகிறது என்று சொல்பவனைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இந்த வருடமே அனுப்புங்கள், மார்ச்சுக்குள் சான்று வேண்டும். தூங்குபவனின் வீட்டில் ஒருமுறை பேசுங்கள். இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்களும் கொரோனாக் காலத்தில் நான்காம் வகுப்பைப் பள்ளியில் படிக்காதவர்கள். அவர்களிடம் ஜூனிலேயே தாளைக் கொடுத்துவிடுங்கள்.

என்னுடைய தாளை எழுதி எங்கள் கணக்கு ஆசிரியரின் மேசையில் வைத்துவிட்டேன். திங்கட்கிழமை இயற்கணிதம் திருப்புதல் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறது. அளவு காரணி 7/3 என்று வந்தால் முக்கோணம் பெரிதாகும் என்று வரையத் தெரிகிறது. மேலே இருக்கும் எண் பெரிதாக இருக்கும் பின்னத்தைக் கோவைகளில் வகுக்கும்போது மட்டும் இன்னும் தடுமாறுகிறேன். அதைக் கேட்க வேண்டும். முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி,
ஏற்காடு.